பிள்ளைக்குப் பால் கொடுத்த நேரம்

பங்குனி 16, வெள்ளி

உலகம்மை துணை.

பகல் 10.40க்கே ஆட்டோ தெருமுனைக்கு வந்துவிட்டது. ராகு காலம் 10.30 முதல் 12 வரை. ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரிகிறது. ஆட்டோவைப் பிள்ளையார் கோவில் வேப்பமரத்தடியில் நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

கொழுந்தன் பெண்டாட்டி சுகந்தி, "அக்கா, தையல் இழுக்குது, உள்ள போயிடலாமே" என்றாள். சென்னைப் பிள்ளை, பொறுமை கிடையாது.

"நூறு வருசம் இருக்கப்போற பிள்ளை. ஒண்ணேகால் மணி நேரம் உனக்குப் பெருசாத் தெரியுதாக்கும்?" என்றேன்.

பிள்ளை அழுதது. ஆட்டோவிலேயே கொடுக்கிறேன் என்று மாராப்பில் கை வைத்தாள். நடுத்தெருவில் என்ன பழக்கம் இது என்று பிள்ளையை வாங்கிக்கொண்டேன். என் தோளில் போட்டதும் ஓய்ந்தது. 12.01க்கு ஆரத்தி எடுத்து உள்ளே அழைத்தேன்.

பங்குனி உத்திரத்தன்று பிறந்த பெண். பிறந்த எடை 2 கிலோ 900. சேனை நான்தான் வைத்தேன். தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சத்தம் போட்டாள். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் சீனித் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்துவிட்டேன். சேனை வைத்தவர் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்பார்கள்.

இந்த டைரியில் இன்றுமுதல் மூன்று கோடு போட்டிருக்கிறேன். மணி, எத்தனை நிமிடம், எந்தப் பக்கம்.

பங்குனி 18, ஞாயிறு

கொழுந்தன் சங்கரன் காலை பஸ்ஸில் ஓசூருக்கு வேலைக்குப் புறப்பட்டான். வாசலில் நின்று, "மதினி, அவளுக்கு அம்மா கெடையாது. நீங்கதான் பாத்துக்கிடணும்" என்றான்.

"பிள்ளையப் பத்திக் கவலையே படாத தம்பி" என்றேன்.

சுகந்திக்கு நேரம் என்றால் என்னவென்றே தெரியவில்லை. பிள்ளை சிணுங்கினால் கொடுக்கிறாள், கண்ணைத் திறந்தால் கொடுக்கிறாள். இப்படிக் கொடுத்தால் குளிப்பது எப்போது, மருந்து தின்பது எப்போது, தூங்குவது எப்போது? உட்கார்ந்து ஒழுங்கு செய்தேன். காலை 6, 9, பகல் 12, 3, மாலை 6, 9. பக்கத்துக்குப் பத்து நிமிடம். இரவு அவள் தூங்க வேண்டும், பிள்ளை என் அறையில் இருக்கும். நடுவில் தேவைப்பட்டால் பசும்பால் பாதி வெந்நீர் பாதி, சங்கில்.

ராகு காலமும் எமகண்டமும் குறுக்கே வந்தால் அந்த வேளையைத் தள்ளிவைக்க வேண்டும். கெட்ட நேரத்தில் குடித்த பால் பிள்ளை உடம்பில் சேராது. இதைப் பஞ்சாங்கத்தில் அச்சடித்துப் போடவில்லை. எனக்கே பட்டது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் பஞ்சாங்கத்தை எவரிடமும் போய் உட்கார்ந்து கற்றுக்கொள்ளவில்லை. தானாக வந்தது.

பங்குனி 19, திங்கள்

ராகு 7.30 முதல் 9.

7.50க்கு நான் பூஜையில் இருந்தபோது கதவைச் சாத்திக்கொண்டு கொடுத்திருக்கிறாள். மணியை ஆட்டிக்கொண்டே உள்ளே போனேன். பிள்ளை மார்பில் வாய் வைத்திருந்தது. விரலை விட்டு எடுத்துவிட்டேன்.

"அழுதா அக்கா. என்னால கேட்டுக்கிட்டு இருக்க முடியல."

"நானும்தான் கேக்கேன். ஏகாதசிக்கு ஒருநாள் முழுக்கப் பச்சத் தண்ணி பல்லுல படாம இருக்கேன், செத்தா போயிட்டேன்? பசியெல்லாம் பழக்கம்தான்."

9.02, இடது, பத்து. 9.12, வலது, பத்து.

வலதில் இன்னும் குடித்துக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் என்றால் பத்து நிமிடம்.

பங்குனி 20, செவ்வாய்

ஆறு வேளையில் நான்குதான் கூடிவந்தது. காலை ஒன்பதுக்கு எமகண்டம், மூன்றுக்கு ராகு. சங்கு ஐந்து முறை. பிள்ளை என் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டே தூங்குகிறது.

பங்குனி 23, வெள்ளி

சுகாதார நர்ஸ் தராசோடு வந்தாள். 2 கிலோ 700.

"எறங்கிருக்கே யக்கா. இந்நேரம் பிறந்த எடைக்குத் திரும்பிருக்கணும். ஒரு நாளைக்கு எத்தனை தடவ குடுக்கா?"

சுகந்தி வாய் திறக்கும் முன் நான் சொன்னேன். "பத்துத் தடவ."

இதில் பொய் இல்லை. செவ்வாய்க்கிழமை நான்கு, நேற்று ஆறு.

"மணி பாக்காதீங்க. பிள்ளை கேக்குறப்பல்லாம் குடுக்கணும். குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். குடிக்காம விட்டா அது நின்னுரும்" என்று சுகந்தியின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

குடிக்காமல் விட்டால் நின்றுவிடும். இது எனக்குத் தெரியாததா.

பிற்பகல் சுகந்தி வந்து, "நர்ஸ் சொன்ன மாதிரி செஞ்சு பாக்கலாமா அக்கா?" என்றாள். "நர்ஸுக்கு எத்தன பிள்ளைன்னு கேட்டியா?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு எத்தனை என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. நல்ல பிள்ளைதான்.

பங்குனி 25, ஞாயிறு

மாலை 4.40க்கு அடுப்படி வாசலில் வந்து நின்றாள். ஜாக்கெட் இரண்டு பக்கமும் நனைந்திருந்தது.

"சும்மா ஒழுகுது அக்கா. கல்லு மாதிரி வலிக்குது. இப்பக் குடுத்துடட்டுமா?"

"ஆறு மணி வரைக்கும் ராகு."

சுவரைப் பிடித்துக்கொண்டு, கடிகாரத்துக்கு நேராகவே உட்கார்ந்துவிட்டாள். ஒரு மணி நேரம் இருபது நிமிடம். பிள்ளை அழவில்லை. நாலு மணிக்கே புறவாசலில் வைத்து இரண்டு சங்கு கொடுத்திருந்தேன்.

6.00க்கு மடியில் போட்டபோது வாய் வைக்கவில்லை. தலையைத் திருப்பிக்கொண்டது. மறுபடி வைத்தாள், கத்தியது.

"எங்கிட்ட வரமாட்டேங்குறா அக்கா."

"சில பிள்ளைக்குச் சில பேரு பாலு ஒத்துக்கிடாது. அதுக்கு நீ என்ன செய்வ" என்று சொல்லித் தேற்றினேன்.

நிமிடம்: 0. பக்கம்: இல்லை.

பங்குனி 28, புதன்

சுகந்திக்குக் காய்ச்சல். பால் கட்டிக்கொண்டுவிட்டது. இடது பக்கம் சிவந்து, தொட்டால் அலறுகிறாள். டாக்டரிடம் போகலாமா என்று இவர் கேட்டார். இவர் மாவு மில்லுக்குப் போகிறவர், பெண்கள் விஷயம் என்ன தெரியும். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

பூக்காரி மாடத்தி வந்தபோது மல்லிகை நான்கு முழம் கேட்டேன்.

"என்னக்கா அதிசயமா இருக்கு! வந்த நாளா பிச்சியும் கனகாம்பரமும்தான வாங்குவிய. மல்லின்னாலே மூஞ்சியத் திருப்புவிய?"

"அம்மனுக்கு" என்றேன்.

அதுவும் உண்மைதான். அம்மன் படத்தில் சாத்தி, தீபம் காட்டி, பிறகுதான் எடுத்தேன். சுகந்தியை உட்காரவைத்து இரண்டு பக்கமும் பூவைப் பரப்பி, பழைய வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டினேன்.

"எதுக்குக்கா பூ?"

"குளுமை. அம்மன் பிரசாதம். மூணு நாளைக்கு அவிழ்க்காத. பிள்ளையையும் வைக்காத, தீயா கொதிக்கிற பால் பிள்ளைக்கு ஆகாது. தெனமும் புதுப் பூ நான் மாத்துதேன்."

என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அறை முழுக்க மல்லிகை வாசம். புறவாசலில் போய் வாந்தி எடுத்தேன். காலையில் தின்ற தோசை சரியில்லை.

பங்குனி 29, வியாழன்

பூ மாற்றினேன்.

சங்கு எட்டு முறை.

பங்குனி 30, வெள்ளி

பூ மாற்றினேன். மூன்றாம் நாள். காய்ச்சல் இறங்கிவிட்டது. கல் கரைந்துவிட்டது. கை வைத்துப் பார்த்தேன், இரண்டு பக்கமும் துணிமாதிரி இருக்கிறது.

சுகந்தி சொன்னாள்: "எங்க அம்மா இருந்திருந்தாக்கூட இப்படிப் பாத்திருக்க மாட்டாங்க அக்கா."

இவர் சாப்பிட உட்கார்ந்தவர், வாசம் பிடித்து அறைப் பக்கம் பார்த்தார். தரையில் வாடின பூ கிடந்தது.

"ஏட்டி உலகு. நீ அந்தப் பூவத் தொடமாட்டியே."

"ரசம் ஊத்தவா, மோரா?" என்று கேட்டேன்.

"மோரு" என்றார்.

சித்திரை 1, ஞாயிறு

வருஷப் பிறப்பு. கனித் தட்டில் முதலில் பிள்ளையைத்தான் விழிக்கவைத்தேன். மொழிக்குட்டி என்றுதான் நான் கூப்பிடுகிறேன்; கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

சுகந்திக்கு இன்றுமுதல் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டேன். நான் ஒன்றும் தடுக்கவில்லை.

9.00, இடது, ஆறு நிமிடம். ஒன்றும் இல்லை. பிள்ளை கத்தியது.
9.06, வலது, நான்கு நிமிடம். ஒன்றும் இல்லை.

போனில் சங்கரனிடம் பேசுவது கேட்டது. "எனக்குப் பால் இல்லீங்க. நான் என்னங்க தப்பு பண்ணேன்?" அவன் என்ன சொன்னான் என்று தெரியவில்லை. வந்து என்னிடம் சொன்னாள்: "அடுத்த மாசம் வேலைக்கே திரும்பிடவா அக்கா? இங்க இருந்து நான் என்ன பண்ணப் போறேன். அவ உங்ககிட்டதான இருக்கா."

"அவசரப்படாத" என்றேன். "ஆனா அதுவும் நல்ல யோசனைதான்" என்றும் சொன்னேன்.

வேப்பம்பூப் பச்சடி இந்த வருஷம் கசப்பே இல்லாமல் அமைந்தது.

சித்திரை 3, செவ்வாய்

நர்ஸ் வந்தாள். 2 கிலோ 720.

இருபத்து மூன்று நாள் பிள்ளை பிறந்த எடைக்கே வரவில்லையே என்று நேரே சுகந்தியைப் பார்க்கப் போனாள். நான் பின்னாலேயே போனேன். கட்டிலுக்கு அடியில் வேட்டித் துணியும், அதில் ஒட்டின பூவும் கிடந்திருக்கிறது. பெருக்காமல் விட்டது என் தப்புதான்.

நர்ஸ் குனிந்து எடுத்து மோந்து பார்த்தாள்.

"இதை மார்லயா கட்டின?"

"ஆமா மேடம். காய்ச்சலுக்கு. அம்மன் பிரசாதம்."

"யாரு கட்டினா?"

சுகந்தி என்னைப் பார்த்தாள். அப்போதும் சிரித்த முகமாகத்தான் பார்த்தாள்.

"ஏ தாயி, பிள்ளை செத்துப் பெறந்தா, இல்ல பெறந்து செத்தா, தாய்க்குப் பால் வத்துறதுக்குல்லா மல்லியப்பூ கட்டுவாக! உயிரோட பிள்ளைய மடியில வச்சிக்கிட்டு எவளாவது கட்டுவாளா?"

நான், "ஊருல ஆயிரம் சொல்லுவாக" என்றேன்.

நர்ஸ் என்னிடம் பேசவில்லை. சுகந்தியிடம்தான் பேசினாள். மறுபடி ஊறும், ரெண்டு மணிக்கு ஒரு தடவ, ராத்திரியும் விடாம, பால் வந்தாலும் வராட்டாலும் பிள்ளைய வாயில வச்சுக்கிட்டே இரு. சங்குப் பாலை நான் சொல்லுத மாதிரி மட்டும் குடு, கொஞ்சம் கொஞ்சமாக் கொறைப்போம். நாளைக்கே டாக்டரம்மாகிட்ட வந்துரு.

சுகந்தி எழுந்து வந்தாள். என் தோளிலிருந்து பிள்ளையை எடுத்தாள். முந்தானை நுனி பிள்ளை கைக்குள் இருந்தது. ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். ஐந்து.

சித்திரை 4, புதன்

டாக்டரிடம் இவரே கூட்டிப்போனார். என்னை வரச் சொல்லவில்லை.

வீட்டில் யாரும் இல்லை. எழுதிவிடுகிறேன். கணக்கு என்றால் எல்லாம் இருக்க வேண்டும்.

பதினேழு வருஷத்துக்கு முன்பு ஆனி மாதம். பெண். ஒரு நாளும் ஐந்து மணி நேரமும் இருந்தாள். இரண்டு முறை குடித்தாள். மணி பார்க்கத் தோன்றவில்லை, அதனால் எந்த மணி, எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது. அவளை எடுத்துக்கொண்டு போன பிறகும் ஒழுகிக்கொண்டிருந்தது. அத்தை மல்லிகை வாங்கிவரச் சொல்லி இறுக்கிக் கட்டினார்கள். மூன்றாம் நாள் வற்றியது. பிறகு இரண்டு உண்டாகி நிற்கவில்லை. மூன்று பிள்ளைக் கணக்கு. இதுவரை எந்த நோட்டிலும் எழுதினதில்லை.

குழல்வாய்மொழி என்று வைக்க நினைத்திருந்தேன்.

சுகந்திக்கு நான் கெடுதல் நினைக்கவில்லை. பால் வற்றினால் யாரும் செத்துப்போவதில்லை. எனக்குத் தெரியும். நான் சாகவில்லை.

சித்திரை 5, வியாழன்

காலையில் குளித்துவிட்டு வந்தால் பூஜை அலமாரி திறந்திருந்தது. சுகந்தி கட்டிலில் உட்கார்ந்து இந்த டைரியை வாசித்துக்கொண்டிருந்தாள். ஒரு கையில் பிள்ளை. நான் வாசலிலேயே நின்றேன். கடைசிப் பக்கம் வரைக்கும் வாசித்தாள். நேற்றைய பக்கத்தை இரண்டு தடவை வாசித்தாள்.

காலில் விழலாம் என்று போனேன்.

"அங்கேயே நில்லுங்க அக்கா."

நின்றேன்.

"தெரியாமப் பண்ணிருப்பீங்கன்னு நேத்து ராத்திரி பூரா நெனச்சேன். தெரிஞ்சேதான் பண்ணிருக்கீங்க. உங்களுக்கு நடந்தது எல்லாம் தெரிஞ்சு."

"சுகந்தி, நான்..."

"நான் எங்கயும் போகல. எனக்குப் போக எடமில்லன்னு உங்களுக்குத் தெரியும், அந்தத் தைரியம்தான உங்களுக்கு. ஒண்ணு பண்ணுங்க. ரெண்டு மணிக்கு ஒரு தடவ குடுக்கணும்னு டாக்டர் சொல்லிருக்காங்க. நான் அலாரம் வைக்கமாட்டேன். நீங்கதான் மணி பாக்குறதுல கெட்டிக்காரியாச்சே. நீங்க வந்து மணி சொல்லணும். கதவுக்கு வெளிய நின்னு. உள்ள வரக் கூடாது. புள்ளையத் தொடக் கூடாது."

"ராகு காலத்துல எப்படி..."

"ராகு காலத்துலயும். எமகண்டத்துலயும். சொல்லிட்டு இதே நோட்டுல எழுதணும். தெனமும் நான் பாப்பேன். ஒரு வேளை தவறுச்சு, இதை உங்க கொழுந்தனுக்குப் போன்ல வாசிச்சுக் காட்டுவேன். அந்தக் கடைசிப் பக்கத்தோட."

டைரியைத் தரையில் வைத்து என் பக்கமாகத் தள்ளினாள்.

இன்று ராகு 1.30 முதல் 3. பகல் 2.00க்குக் கதவைத் தட்டி மணி சொன்னேன். உலகம்மை மன்னிக்கணும்.

சித்திரை 6, வெள்ளி

6, 8, 10, 12, 2, 4, 6, 8, 10, 12, 2, 4. மணி சொன்னேன்.

எந்தப் பக்கம், எத்தனை நிமிடம் என்று எனக்குத் தெரியாது. அந்த இரண்டு கோட்டையும் சுகந்தி பேனாவால் அடித்துவிட்டாள். பக்கத்தின் கீழே ஒரு டிக் போட்டிருக்கிறாள்.

சித்திரை 8, ஞாயிறு

மணி சொன்னேன். பன்னிரண்டு.

10 மணிக்குப் பிள்ளை ரொம்ப அழுதது. என் குரல் கேட்டதும்தான் அப்படி அழுகிறது என்று சுகந்தி சொன்னாள். இனிமேல் பேசாமல் கதவை மட்டும் தட்டச் சொல்லியிருக்கிறாள்.

இவரிடம், "நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன். "அன்னைக்கே சொல்லிருக்கணும்" என்று சொல்லிவிட்டு மில்லுக்குப் போய்விட்டார்.

சித்திரை 9, திங்கள்

கதவைத் தட்டினேன். பன்னிரண்டு. டிக்.

சித்திரை 11, புதன்

முப்பத்தொன்றாம் நாள். பெயர் வைத்தார்கள். எமகண்டம் கழிந்து 9.15க்கு வைக்கலாம் என்று நான் குறித்துக் கொடுத்தேன். சுகந்தி 8.30க்கே வைத்துவிட்டாள்.

சங்கரன் ஓசூரிலிருந்து வந்திருந்தான். தெருவில் பத்துப் பேர் வந்திருந்தார்கள். பிள்ளையை நர்ஸ் மடியில் வைத்து, அவளையே காதில் பெயர் சொல்லச் சொன்னாள் சுகந்தி. நேத்ரா. மூன்று முறை.

நான் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தேன். சுகந்தி கூப்பிட்டாள்.

"அக்கா, இங்க வாங்க. எல்லாம் உங்களாலதான். நீங்க வராம எப்படி?"

மாடத்தியின் கூடையிலிருந்து நான்கு முழம் மல்லிகை எடுத்தாள்.

"தலையக் காட்டுங்க."

பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சங்கரன், "வச்சுக்கிடுங்க மதினி, ஆசையாத் தாறா" என்றான். மாடத்தி, "இப்பத்தான் அக்காவுக்கு மல்லி புடிச்சுருச்சுல்லா" என்று சிரித்தாள். குனிந்தேன். இரண்டு கொண்டை ஊசி போட்டுக் குத்தினாள். என் காதில் மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "மூணு நாளைக்கு அவிழ்க்காதீங்க."

சித்திரை 12, வியாழன்

தட்டினேன். பன்னிரண்டு.

பூ இருக்கிறது.

சித்திரை 13, வெள்ளி

தட்டினேன். பன்னிரண்டு. பூ வாடிவிட்டது. இருக்கிறது.

இவர் வெளிக்கட்டிலில் படுத்துக்கொண்டார். வாசம் தாங்கவில்லை என்றார்.

சித்திரை 14, சனி

நர்ஸ் வந்தாள். 3 கிலோ 50. உள்ளே நர்ஸும் சுகந்தியும் சிரிப்பது கேட்டது. சங்குப் பாலை நிறுத்தியாகிவிட்டது. சங்கைக் கழுவி, துடைத்து, அம்மன் படத்துக்குப் பின்னால் வைத்தேன். சுகந்தி கேட்கவில்லை.

பூவை எடுத்துவிட்டேன். மூன்று நாள் ஆகிவிட்டது.

சித்திரை 15, ஞாயிறு

ராகு 4.30 முதல் 6.

டாக்டரம்மா நேரத்தை ஒரு மணி தள்ளி வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறாள். அதனால் இன்றுமுதல் ஒற்றைப்படை மணி. 5.00க்குத் தட்டினேன். பிள்ளை அழவில்லை, தயாராக இருந்திருக்கும். திரும்பினேன்.

"அக்கா. போகாதீங்க."

உள்ளேயிருந்துதான் சொன்னாள். கதவைத் திறக்கவில்லை.

"முழுங்குற சத்தம் கேக்குதா?"

காதை வைத்தேன். முதலில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். பிறகு கேட்டது. சின்னதாக, தொண்டைக்குள் இறங்குகிற சத்தம். நிற்காமல்.

"கேக்குது" என்றேன். பேசக் கூடாது என்பது மறந்துவிட்டது.

"இப்ப இடது பக்கம். எத்தனைன்னு எண்ணி எழுதுங்க. நாளைக்கு நான் பாக்கணும்."

கதவோரம் தரையில் உட்கார்ந்தேன்.

இடது: நாற்பத்தாறு.

பிறகு பிள்ளையை மாற்றிப் போட்டாள். கட்டில் கிரீச்சிட்டது. ஒன்றிலிருந்து மறுபடி எண்ணினேன்.